பதினான்கு காலிக் கட்டங்கள்

ஜீவனாம்ச உத்தரவை லேமினேட் செய்து எடுத்து வந்திருந்தார் அந்தப் பெண். மகளுக்கும் சேர்த்து மாதம் 8,000 ரூபாய். கணவர் ஷார்ஜாவில். 26 மாதமாகப் பைசா வரவில்லை. "லீவுல வருவாரு, அப்போ பாத்துக்கலாம்னு இருந்துட்டேன் மேடம்" என்றார்.

குடும்பநல வழக்குகளில் என்னை அதிகம் வருத்துவது இந்தக் காத்திருப்புதான். அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆம் பிரிவிலும் சரி, 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவிலும் சரி, ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அது நிலுவையான ஓராண்டுக்குள் வசூல் மனு போட்டாக வேண்டும். தாண்டினால் அந்த மாதத்துக்கு வாரண்ட் கிடையாது. பதினான்கு மாதம், 1,12,000 ரூபாய், அந்த வழியில் கேட்க முடியாமலே போனது. இதை அவரிடம் சொல்லும்போது எனக்கு நாக்கு எழவில்லை.

வெளிநாட்டில் குடும்பப் பராமரிப்புத் தொகையை வசூலிக்கவென்றே 2007-இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. இந்தியா அதில் சேரவில்லை. சேர வேண்டும் என்பதே என் ஆசை. அதுவரை அங்கே இருக்கும் சம்பளத்தைத் துரத்துவதைவிட, இங்கே கணவருக்கு என்ன இருக்கிறது என்று பார்ப்பதே எங்கள் வழக்கம்.

கணவரின் முகவரி கேட்டேன். தெரியாது என்றார். மறுநாள் ஒரு அட்டைப் பெட்டியின் பக்கத்தை வெட்டி எடுத்து வந்தார். பழைய கார்கோ பெட்டி. வீட்டில் போர்வை போட்டு வைத்திருந்ததாம். அதில் மார்க்கர் பேனாவால் அனுப்பியவர் பெயர், அறை எண், போன் நம்பர் எல்லாம் இருந்தது. கூடவே கணவரின் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் ஒன்று.

பன்னிரண்டு மாதத்துக்கு மனு போட்டோம். நோட்டீஸுக்குப் பதில் இல்லை. நாலைந்து வாய்தாவுக்குப் பிறகு வாரண்ட் பிறந்தது. வாரண்ட் இருந்தால் பாஸ்போர்ட்டை முடக்க 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தில் இடம் உண்டு. நகலை வைத்து மனு அனுப்பினோம். ஊரில் அவர் பெயரில் இருந்த நிலத்தின் பட்டாவையும் எடுத்து வைத்தோம்.

ஒரு நாள் கணவரின் அண்ணன் வந்தார். "தம்பிக்கு பாஸ்போர்ட் புதுப்பிக்கணும் மேடம்." 96,000 ரூபாய் கோர்ட்டில் கட்டப்பட்டது.

அந்தப் பெண்ணிடம் ஒரு கோடு போட்ட நோட்டு உண்டு. மாதத்துக்கு ஒரு கட்டம். என் மேஜையிலேயே உட்கார்ந்து பன்னிரண்டு கட்டங்களில் 'வந்தது' என்று எழுதினார். பிறகு பக்கத்தைப் பின்னால் திருப்பி, மேலே இருந்த பதினான்கையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.