பிளாங்க் போட்டியா மச்சான்?

என் மனைவியின் தம்பி தினமும் காலையில் வேலூர் கோட்டைப் பக்கம் நடக்கப் போவான். நடை முடிந்ததும் தள்ளுவண்டியில் ஒரு கிளாஸ் வெண்பூசணி ஜூஸ். இஞ்சி, எலுமிச்சை, மிளகுத்தூள் எல்லாம் உண்டு, 30 ரூபாய். ஒரு மாதம் குடித்துவிட்டுப் பொங்கலுக்கு வந்தவன் எனக்கும் சிபாரிசு செய்தான்.

"மாமா, நீங்க தோல் ஷாப்புத் தண்ணியில கை வெச்ச ஆளு. ஒடம்புல எவ்ளோ கெமிக்கல் கீதோ! இத்த குடிங்க, எல்லாம் எறங்கிடும். எனக்கு ஒடம்பு பஞ்சு மாரி கீது."

அவன் சொன்னதில் பாதி உண்மை. பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஒரு நிலையத்தின் லேபில் சேர்ந்தேன். தோல் பதனிடக் குரோமியம் என்ற உலோகத்தின் உப்பைப் போடுவார்கள். வெளியே போகும் தண்ணீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கெட்ட குரோமியம், அதாவது ஆறு இணைதிறன் கொண்டது, 0.1 தான். அதற்கு ஒரு ரசாயனத்தை ஊற்றினால் தண்ணீர் ஊதாவாக மாறும். எவ்வளவு ஊதா என்பதை மெஷின் சொல்லும். ஆனால் சாம்பிளை வைக்கும் முன், அதே ரசாயனங்களை ஊற்றிய சுத்தத் தண்ணீரை வைத்து ஜீரோ செய்ய வேண்டும். அதற்குப் பெயர் பிளாங்க். சேர்ந்த புதிதில் ஒரு நாள் பிளாங்க் போடாமல் ரீடிங் எழுதிவிட்டேன். மேலே இருந்தவர் பக்கத்தையே கிழித்துப் போட்டார்.

அதனால் மச்சானைக் கேட்டேன், "பிளாங்க் போட்டியா?"

விளக்கிச் சொன்னதும் சிரித்தான். ஆனால் சவாலுக்குச் சரி என்றான். பக்கத்துத் தெருதானே, 14 நாள் எங்கள் வீட்டில் குடிப்பது என்று முடிவு. சமையலறையில் என் மனைவி காசு சுண்டுவாள். தலை விழுந்தால் வெண்பூசணி ஜூஸ். பூ விழுந்தால் நீர்த்த கஞ்சித் தண்ணீர், அதே இஞ்சி, அதே எலுமிச்சை, அதே மிளகு. எது என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் மட்டும் காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொள்வாள். பதினொரு மணிக்கு அவன் போன் செய்து, உடம்பு எவ்வளவு லேசாக இருக்கிறது என்று பத்துக்கு மார்க் சொல்ல வேண்டும்.

எட்டு நாள் ஜூஸ், ஆறு நாள் கஞ்சி. இரண்டுக்குமே ஆறு, ஏழு என்றுதான் மார்க். அவன் கொடுத்த ஒரே ஒன்பது கஞ்சிக்கு. காலண்டரைக் காட்டியதும், "கஞ்சியும் நல்லதுதானே மாமா" என்றான். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நான் மட்டும் பெரிதாக என்ன கண்டுபிடித்தேன்? அவன் லேசாக உணர்வதற்குப் பூசணி தேவையில்லை என்பதைத்தான். விஷம் இறங்கியதா இல்லையா என்பதை நான் அளக்கவே இல்லை. அதற்கு மூத்திரத்தைப் பிடித்து அளக்க வேண்டும்.

அப்படி அளந்தவர்கள் இருக்கிறார்கள். சீனாவில் ஷாங்காய்க்கு வடக்கே யாங்சி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் சிதோங் என்ற ஊர். காற்று மோசமான பகுதி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆட்களும் சீன ஆட்களும் சேர்ந்து 291 பேருக்கு 12 வாரம் ஒரு பானம் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு முளைவிட்ட புரோக்கோலியின் சாறு, அன்னாசியும் எலுமிச்சையும் கலந்தது. இன்னொரு பிரிவுக்கு அன்னாசி எலுமிச்சை மட்டும், புரோக்கோலி கிடையாது. என் கஞ்சித் தண்ணீர் மாதிரி! முடிவு 2014-ல் வெளியானது. புரோக்கோலி குடித்தவர்களின் சிறுநீரில், புகையோடு வரும் பென்சீன் என்ற விஷத்தின் கழிவு 61 சதவீதம் அதிகம், அதாவது அவ்வளவு கூடுதலாக வெளியேறியிருக்கிறது. அக்ரோலீன் என்ற புகை விஷத்தின் கழிவு 23 சதவீதம் அதிகம். குரோட்டனால்டிஹைடு என்ற மூன்றாவதில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. எனக்குப் பிடித்தது இந்த மூன்றாவது வரிதான். எல்லா விஷத்தையும் இறக்கும் என்று வண்டிக்காரர் எழுதி வைப்பார். அளந்தவன் இது, இது, ஆனால் அது இல்லை என்பான்.

முளையை மெல்லும்போது சல்ஃபோராபேன் என்ற பொருள் உண்டாகிறது. அது உடம்பிலுள்ள நொதிகளைத் தூண்டிவிட, அவை பென்சீனோடு குளுட்டாதயோன் என்ற, உடம்பே தயாரிக்கும் பொருளை ஒட்டித் தண்ணீரில் கரையும்படி செய்து வெளியே தள்ளுகின்றன. வேலை செய்வது உடம்பு, பானம் முதுகில் தட்டுகிறது, அவ்வளவுதான். அளவும் முக்கியம். பின்னால் அதே ஊரில் ஐந்தில் ஒரு பங்கு கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. அதற்கெல்லாம் முன்னால் 200 பேருக்கு முளை டீ கொடுத்து அஃப்லாடாக்சின் பாதிப்பு குறைகிறதா என்று பார்த்ததும் உண்டு. ஈரம் காயாத வேர்க்கடலையில் பூஞ்சை விடும் விஷம் அது, நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அங்கேயும் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். கழிவு கூடியதே தவிர, நோய் குறைந்தது என்றும் அவர்கள் சொல்லவில்லை.

மச்சானுக்கு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான், அப்புறம் கொக்கி போட்டான்.

"அப்ப ஒங்க குரோமியம் மாமா?"

பென்சீனுக்கு வந்த ரீடிங்கைக் குரோமியத்துக்குக் கடன் வாங்க முடியாது. அந்த 12 வாரத்தில் பார்த்ததெல்லாம் புகையோடு வரும் சமாசாரம், உலோகம் அதில் இல்லை. வெண்பூசணியும் இல்லை. புரோக்கோலியாவது முள்ளங்கி, முட்டைகோஸ், கடுகோடு ஒரே குடும்பம். பூசணி அந்தப் பக்கமே வராது. அதற்காக ஜூஸ் கெடுதல் என்று சொல்லவில்லை. வெயில் காலத்தில் நானே குடிப்பேன், தாகத்துக்கு.

கேட்டுவிட்டுப் போனவன், இந்த வாரம் வாழைத்தண்டு ஜூஸுக்கு மாறிவிட்டான். வேறு வண்டி, 40 ரூபாய். என் மனைவி போன மாதத்துக் காலண்டர் தாளைக் கிழித்து மடித்து, சமையலறை ஜன்னலில் ஒரு ரூபாய்க் காசோடு வைத்திருக்கிறாள்.