கிளிப் கழற்றிய பிறகு

பிள்ளைக்குப் பல் கிளிப் போட நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது செலவையும் வலியையும்தான். கழற்றிய பிறகு என்ன செய்யணும் என்று யாரும் கேட்பதில்லை. என் மகள் விஷயத்தில் பலனைக் காப்பாற்றியது அந்தக் கட்டம்தான்.

அவளுக்கு 13 வயதில் தொடங்கினோம். மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி, கீழ்வரிசையில் நெரிசல், ஒரு பல் திரும்பி வேறு இருந்தது. இடைவெளியும் திரும்பிய பல்லும்தான் பழைய இடத்துக்குத் திரும்ப ரொம்ப முரண்டு பிடிக்கும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். பல்லின் வேரை எலும்போடு பிணைக்கும் நார்கள், பல் நகர்ந்த இடத்துக்குப் பழகச் சில மாதங்கள் போதும். ஈறுக்குள் இருக்கும் மீள்தன்மையுள்ள நார்களுக்கு ஓராண்டுகூட ஆகலாம். அதுவரை அவை பல்லைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்குமாம். இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லவில்லை, படம் வரைந்து அவளிடம் சொன்னார். அதற்காக இன்றுவரை அவருக்கு நன்றி சொல்கிறேன். வாய் அவளுடையது, தினமும் செய்யவேண்டியதும் அவள்தானே.

கிளிப் இருந்த காலம் பெரிய பிரச்சினை இல்லாமல் போனது. கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு பிராக்கெட்டைச் சுற்றி ஒழுங்காகத் தேய்க்காவிட்டால் பல்லில் வெள்ளைத் தழும்பு விழும், அதில் மட்டும் கவனமாக இருந்தோம்.

கழற்றிய அன்றே கீழ் முன்பற்களின் உள்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டினார்கள். மேல்வரிசைக்குப் போட்டுக் கழற்றும் பிளாஸ்டிக் ரிடெய்னர், அதாவது பல் நகராமல் பிடித்துவைக்கும் உறை. முதல் மாதங்களில் சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் தவிர எப்போதும், பிறகு இரவில் மட்டும். வெந்நீரில் கழுவினால் வடிவம் கெட்டுவிடும், பச்சைத் தண்ணீர்தான். பள்ளியில் சாப்பிடும்போது டிஷ்யூவில் சுற்றி வைத்தால் அது குப்பைக்கே போகும். அதனால் டிபன் பையிலேயே அதற்கொரு டப்பா. ஓரிரு இரவு போடாமல் விட்டுப் போடும்போது இறுக்கமாக இருந்தால் பல் நகரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவளே இதைக் கண்டுபிடிக்கப் பழகிவிட்டாள்.

ஞானப்பல் முளைத்தால் முன்பல்லைத் தள்ளும், இப்போதே பிடுங்கிவிடுங்கள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அந்த ஒரு காரணத்துக்காகப் பிடுங்கத் தேவையில்லை என்றார் டாக்டர். கிளிப்பே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருங்கத்தான் செய்யுமாம். அதனால்தான், இரவு ரிடெய்னரை எப்போது நிறுத்தலாம் என்று நான் கேட்டதற்கு, பல் நேராக இருக்கவேண்டும் என்கிறவரை போடணும் என்றார்.

இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள். போன மாதம் உள்கம்பி ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டிருந்தது. மற்ற பற்களில் பிடித்திருந்ததால் கம்பி அசையவில்லை, வலியும் இல்லை. அப்படி விட்டால் அந்த ஒரு பல் மட்டும் மெல்ல நகரும். நாக்கால் தடவிப் பார்த்தே கண்டுபிடித்து, அங்கேயே ஒரு பல் டாக்டரிடம் போய் ஒட்டிக்கொண்ட பிறகுதான் எனக்குப் போன் செய்தாள்.