கோழி எருவின் நைதரசனைக் காப்பாற்ற: மூன்றாம் குவியல், 24ஆம் நாள்

கோழி எருவும் வைக்கோலும் கலந்து போட்ட முதற் கூட்டெருக் குவியலுக்கு மேலே பிடித்த ஈரமான சிவப்புப் பாசிச்சாயத்தாள் (லிட்மஸ் தாள், அமோனியா பட்டால் நீலமாகும்) பத்து எண்ணும் முன்பே நீலமாகிவிட்டது. மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டியதும் கண் கரித்தது. வேலிக்கு அப்பால் நின்ற மாமி, "யூரியா மூடையை அவிழ்த்தது போல மணக்கிறதே தம்பி" என்றார். உண்மைதான். பயிருக்குச் சேரவேண்டிய நைதரசன் அமோனியாவாகிக் கச்சான் காற்றோடு மட்டக்களப்பின் படுவான்கரையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தபோது ஒரு மூடை யூரியாவுக்கு அலைந்தவன் நான். அந்த மணம் எனக்கு வயிற்றெரிச்சல்.

அந்தக் குவியலில் இரண்டு பிழைகள். வைக்கோல் போதவில்லை. கோழி எருவில் ஒரு பங்கு நைதரசனுக்குக் காபன் ஏறக்குறைய பத்துப் பங்குதான். கூட்டெருவுக்கு 25 முதல் 30 பங்கு வேண்டும். அத்துடன், வழக்கப்படி அடுப்புச் சாம்பலையும் தூவியிருந்தேன். சாம்பல் காரம், காரமும் சூடும் சேர்ந்தால் அமோனியா வாயுவாகக் கிளம்பிவிடும். கோழி எருவோடு சாம்பல் கூடவே கூடாது.

சூடு ஏறும் நாட்களில் அமோனியாவைப் பிடித்து வைக்க யார் இருக்கிறார்கள்? அதை நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்கள் 40 பாகைக்கு மேல் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அந்த வெப்பத்தில் உயிரோடு வேலை செய்வது சூடு விரும்பும் பற்றீரியாக்கள்தாம். அவை காபனைத் தின்று, அமோனியாவைத் தம் உடற்புரதமாக்கிக்கொள்ளும். தயிருக்கு உறைமோர் விடுவது போல, கொதிக்கும் பழைய குவியலின் நடுப்பகுதியை அள்ளிப் புதியதில் போட்டால் என்ன என்று தோன்றியது.

இரண்டாம் குவியலில் போட்டேன். வைக்கோலைக் கூட்டவில்லை, மணம் சற்றும் குறையவில்லை. தின்னக் காபன் இல்லாவிட்டால் எத்தனை பற்றீரியா இருந்தும் பயனில்லை.

மூன்றாவதை இரட்டைக் குவியலாக அமைத்தேன். இரண்டிலும் சாம்பல் இல்லை; ஒரு பங்கு எருவுக்கு மூன்று பங்கு வைக்கோல், நிறுத்தே போட்டேன். விரைவில் கரையும் காபனுக்காக மரவள்ளித் தோல் கொஞ்சம். ஒன்றில் மட்டும், இரண்டாம் குவியல் 62 பாகையில் இருந்தபோது அதன் நடுவிலிருந்து எடுத்த இரண்டு கடகம் உறை. அந்த உறையின் வைக்கோல் தாள்களில் சாம்பல் படிந்தது போல வெள்ளை பூத்திருந்தது. கையில் எடுத்தால் பொடியாக உதிர்ந்தது. ஆறிவிடாமல் ஈரச்சாக்கால் மூடிக் கொண்டுபோனேன்.

உறை இட்ட குவியல் இரண்டாம் நாளே 55 பாகையைத் தொட்டது. மற்றதற்கு நான்கு நாள் பிடித்தது. ஆறாம் நாள் உறைக் குவியலின் மேல் ஒரு நிமிடம் பிடித்தும் தாளின் ஓரம் மட்டும் ஊதாவானது. மற்றதில் அரை நிமிடத்தில் முழுத்தாளும் நீலம். ஆனாலும் முதற் குவியலோடு ஒப்பிட்டால் இரண்டிலுமே இழப்பு மிகக் குறைவு. பெரும்பங்கு வைக்கோலுக்கே உரியது, உறைக்கு அதற்கு அடுத்த இடம் என்றே கருதுகிறேன்.

பன்னிரண்டாம் நாள், சூடு உச்சத்தில் இருக்கும்போதே அவசரப்பட்டுப் புரட்டினேன். இரண்டிலும் மணம் எழுந்தது. உடனே பழைய கூட்டெருவை நனைத்து ஒரு சாண் கனத்துக்கு மேலே பரப்பினேன், மாலைக்குள் அடங்கியது. கிளம்பும் அமோனியாவை அந்த ஈரப்படை பிடித்துக்கொள்கிறது.

இன்று உறைக் குவியல் 44 பாகை, மற்றது 47. உறைக் குவியலில் தாள் சிவப்பாகவே இருக்கிறது. இரண்டும் 40க்குக் கீழே இறங்கிய பிறகுதான் அடுத்த புரட்டல்.