நாலாம் மெட்டுக் காந்தாரம்

1979-ல் எனக்குப் பதினாறு வயது. தஞ்சாவூர் கரந்தையில் எங்கள் பக்கத்து வீட்டில் வீணை வகுப்பு நடக்கும். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டே சரளி வரிசை, ஜண்டை வரிசை எல்லாம் கேட்டிருக்கிறேன். எனக்கும் ஆசை வந்து அப்பாவிடம் கேட்டேன். "ஒரு வகுப்புக்குத்தான் பணம் கட்ட முடியும்மா, எதுன்னு நீயே சொல்லு" என்றார். டைப்ரைட்டிங் என்று சொன்னேன். லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தேன். அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை கிடைத்தது. 2023-ல் அறுபது வயதில் ஓய்வு பெற்றேன். அன்றைக்கு எடுத்த முடிவில் எனக்கு இன்றும் வருத்தமில்லை, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்த வேலைதான். ஆனால் ஓய்வு பெற்ற மறு மாதமே வீணை வாங்கிவிட்டேன்.

தஞ்சாவூரில் இருந்துகொண்டு வீணைக்கு அலைய வேண்டியதில்லை. பழைய வீணை ஒன்று பதினெட்டாயிரத்துக்குக் கிடைத்தது. நல்ல பலா மரம், கழுத்தின் நுனியில் செதுக்கியிருக்கும் யாளித் தலையின் ஒரு காது மட்டும் உடைந்திருந்தது. வீணை செய்கிறவர் ஒருவர் தட்டிப் பார்த்துவிட்டு, "மரத்துக்கு ஒண்ணும் இல்லம்மா, மேளம் மட்டும் புதுசா கட்டணும்" என்றார். மேளம் என்றால் மெழுகும் அதில் பதித்த மெட்டுகளும். அவர் கட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தேன்மெழுகை உருக்கிக் கரித்தூள் கலந்து, தண்டியின், அதாவது வீணைக் கழுத்தின், இரண்டு பக்கமும் கரை போல வைக்கிறார். அதன்மேல், சுரத்துக்காக விரல் அழுத்தும் உலோகக் கட்டைகளான 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பதிக்கிறார். (இந்த 24 மெட்டுக் கணக்கை நிலையாக்கியது தஞ்சாவூரை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.) கையில் அளவுகோல் கிடையாது. தந்தியை மீட்டுகிறார், கேட்கிறார், மயிரிழை அளவு நகர்த்துகிறார், மறுபடி மீட்டுகிறார். இத்தனை துல்லியமும் கடைசியில் மெழுகின் மேல்தான் நிற்கிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

டீச்சருக்கு என் மகள் வயது. என்னை அம்மா என்பார், நான் டீச்சர் என்பேன். முதல் இரண்டு மாதமும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "விரலை எடுக்காதீங்கம்மா, நாதம் இன்னும் முடியலை."

டைப் அடித்தவர்களுக்கு இது புரியும். விசையைத் தட்டியதும் விரல் எழும்பிவிட வேண்டும். அப்படித்தான் பழக்கினார்கள், அப்படித்தான் இத்தனை வருடம் அடித்தேன். வீணையில் அது நேர்மாறு. இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மெட்டின் மேல் தந்தியை அழுத்தியபடி இருக்க வேண்டும். வலது கை மீட்டிய பிறகும் ஒலி உயிரோடு இருக்கிறது. விரலை எடுத்த நொடியில் அது செத்துவிடும். அடுத்த சுரத்துக்கும் தந்தியை விடாமல் வழுக்கிக்கொண்டே போக வேண்டும். ஆரம்பப் பாடங்களுக்கான ராகமான மாயாமாளவகௌளையில் ரிஷபம் (ரி) ஒன்றாம் மெட்டு, காந்தாரம் (க) நாலாம் மெட்டு. அந்த இடைவெளியைத் தாண்டும்போது என் விரல் ஒவ்வொரு தடவையும் குதிக்கும். பக்கத்திலேயே ஐந்தாம் மெட்டில் மத்யமம் (ம), அதற்குப் போவது சுலபம். குதிக்காமல் நாலுக்குப் போவதற்கு மட்டும் எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது.

ஒரு விஷயத்தில் டைப்ரைட்டிங் எனக்குக் கைகொடுத்தது. பக்கவாட்டில் இருக்கும் மூன்று தாளத் தந்திகளை வலது சுண்டுவிரலால் மீட்ட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்குச் சுண்டுவிரல் தனியாக அசையவே அசையாது. என் சுண்டுவிரல் முதல் நாளே மீட்டியது. "முன்னாடி கத்துக்கிட்டிருக்கீங்களா?" என்று டீச்சர் கேட்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரல் நுனியில் தந்தி அறுத்தது, தேங்காய் எண்ணெய் தடவித் தடவிக் காய்த்துப் போனது, சம்மணம் போட்டால் முழங்கால் வலிப்பது எல்லாம் உண்டு. அதெல்லாம் பழகிவிடும். பழகாதது வேறு. சின்ன வயதில் தொடங்குகிறவர்களுக்குக் காதும் விரலும் சேர்ந்து வளர்கின்றன. எனக்குக் காதின் வயது நாற்பத்தைந்து, விரலின் வயது ஒன்றரை. ராகம் எப்படி ஒலிக்க வேண்டும் என்று காதுக்குத் தெரியும். விரல் வாசிப்பது அது இல்லை என்றும் தெரியும். தப்பு கேட்டால் அது என் விரலுடைய தப்புதான் என்றே எடுத்துக்கொள்வேன்.

போன சித்திரையில் மலஹரி ராகத்தில் ஒரு கீதம் வாசித்துக்கொண்டிருந்தேன். மலஹரியில் காந்தாரம் ஏறும்போது கிடையாது, இறங்கும்போது மட்டும் வரும். அது மூன்று நாளாகச் சரியாக விழவில்லை. அழுத்திப் பார்த்தேன். எனக்கே தெரியாமல் தந்தியைக் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்து, சுரத்தை ஏற்றி வாசிக்க ஆரம்பித்திருக்கிறேன். நாலாம் நாள் டீச்சர் வந்தார், கவனித்தார்.

"காந்தாரத்துல மட்டும் ஏம்மா இழுக்கறீங்க?"

"இழுக்காட்டி அது காந்தாரமா இல்ல டீச்சர்."

வீணையை வாங்கித் தானே மீட்டினார். இரண்டு தடவை. அப்புறம் குனிந்து மெட்டைப் பார்த்தார். மேற்கு ஜன்னலோரம் வைத்திருந்தேன். கத்திரி வெயிலில் மெழுகு இளகி, நாலாம் மெட்டு யாளிப் பக்கமாக மயிரிழை சரிந்திருந்தது.

"மெட்டு நகர்ந்திருக்கும்மா. உங்க காது சரி."

மேளம் கட்டியவரையே மறுநாள் வரச் சொன்னோம். வீணையை உள் அறைக்கு மாற்றி வைத்தேன். அவர் கம்பியைச் சுட வைத்து மெழுகில் காட்டினார், மெட்டில் கட்டைவிரலை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க மீட்டுங்கம்மா, எங்க நிறுத்தணும்னு சொல்லுங்க" என்றார்.

மீட்டினேன். நகர்த்தினார். மறுபடி மீட்டினேன். இன்னும் கொஞ்சம் என்றேன். மறுபடி மீட்டினேன்.

"சரி" என்றேன். கையை எடுத்தார்.