தூத்துக்குடி டு திருச்செந்தூர், மூணு கேன்வாஸ்

தூத்துக்குடியில இருந்து திருச்செந்தூர் மொத்தமே 40 கிலோமீட்டர்தான் இருக்கும், ஆனா அதுக்குள்ள நிலம் மூணு தடவ கலர் மாறிடும். முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் உப்பளம், ஒரே வெள்ளை. ஆத்தூர் வந்தா தாமிரபரணி தண்ணி பாயுற இடம், வாழையும் வெத்தலைக்கொடியுமா பச்சை. திருச்செந்தூர் போயி அங்கேருந்து காயாமொழி, தேரிக்குடியிருப்பு பக்கம் திரும்புனா செக்கச்செவேல்னு தேரிக்காடு, அதாவது செம்மணல் மேடுங்க. அத்தை வீடு ஆறுமுகநேரிங்கறதால சின்ன வயசுல இருந்தே அந்த பஸ்ல போறவதான் நானு, ஆனா பெயின்ட் பண்ண ஆரம்பிச்சப்புறம் இந்த பங்குனியிலதான் ஜன்னல் சீட் பிடிச்சு ஒரு நிமிஷம் கூட தூங்காம பார்த்துட்டே போனேன்.

மூணு நிலத்தையும் ஆளுக்கொரு கேன்வாஸ்ல வரையலாம்னு தேரியில இருந்துதான் ஆரம்பிச்சேன். போன்ல எடுத்த போட்டோவ பக்கத்துல வச்சுகிட்டு பனைமரம், உடைமரம், மணல்மேடு எல்லாத்தையும் அப்படியே போட்டேன். எல்லாம் சரியா இருந்துச்சு, ஆனா அங்க நின்னப்போ இருந்த அந்த அழுத்தம் மட்டும் இல்ல. ரெண்டு நாள் அத பார்த்துட்டே இருந்தப்போதான் புரிஞ்சுது, தப்பு அடிவானத்துல. போட்டோவுல அடிவானம் நடுவுல இருக்கு. நான் நின்னது ஒரு பள்ளத்துல, கால் கணுக்கால் வரைக்கும் புதையுது, முன்னாடி மேடு ஏறுது, தலைய தூக்குனாதான் வானமே தெரியும். அதனால மேல ஜெஸ்ஸோ, அதான் கேன்வாஸுக்கு அடிக்குற வெள்ளை ப்ரைமர், அடிச்சு எல்லாத்தையும் மூடிட்டு, 24க்கு 36 இஞ்ச் கேன்வாஸ நெட்டுக்குத்தா வச்சு, மேல ஒரு நாலு விரக்கடை மட்டும் நீலம், மீதி மொத்தமும் சிவப்பு. மரம் கிடையாது. பெயின்ட் தடவுற கத்தியான பேலட் நைஃபால கீழேருந்து மேல ஒரே இழுப்பு, காத்து மணல்ல கோடு போடுற மாதிரி. ஆட்டோ ஓட்டிட்டு வந்த அண்ணாச்சி சொன்னாரு, "ஆடி மாசம் வந்து பாருங்கம்மா, காத்துல மணலு ஓடும், இன்னைக்கு பார்த்த மேடு அப்ப இந்த எடத்துல இருக்காது". அந்த இழுப்பு அவரு சொன்னதுல இருந்து வந்ததுதான்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. தேரி மணல் ஏன் சிவப்புன்னா ஒவ்வொரு மணலுக்கு மேலயும் இரும்பு ஆக்ஸைடு ஒரு படலமா ஒட்டிகிட்டு இருக்கு. நான் யூஸ் பண்ண ரெட் ஆக்ஸைடு ட்யூப்ல பின்னாடி பிஆர் 101னு நிறமியோட கோடு நம்பர் போட்டிருக்கும், அதுவும் இரும்பு ஆக்ஸைடுதான், என்ன, இது ஃபேக்டரியில செஞ்சது. அது தெரிஞ்சப்போ உடம்பு சிலிர்த்துடுச்சு, அந்த மண்ண எடுத்தே பூசுற மாதிரி ஒரு நெருக்கம்.

அக்ரிலிக்ல ஒரு சிக்கல், காஞ்சா கலர் ஒரு ஷேடு டார்க் ஆயிடும். உள்ள கலர்ப்பொடிய ஒட்ட வைக்குற பைண்டர் ஈரமா இருக்கும்போது பால் மாதிரி இருக்கும், காயும்போது கண்ணாடி ஆயிடும், அதான் காரணம். அதனால சிவப்ப கலக்கும்போது தேரிய விட கொஞ்சம் வெளுப்பாவே கலக்கணும், ஒரு ஓரமா தடவி காயவிட்டு பார்த்துட்டுதான் கேன்வாஸ்ல வைக்கணும். சென்னை வெயிலுக்கு பேலட்டே பத்து நிமிஷத்துல காஞ்சிடுது, ஈரத்துணி மேல பட்டர் பேப்பர் விரிச்சு அதுல கலர் வச்சா ஓரளவு தாங்கும்.

உப்பளம் இதுக்கு நேர் எதிர். அங்க அடிவானமே இல்ல, பாத்தியில நிக்கிற தண்ணிக்குள்ள வானம் இறங்கிடுது. இதுக்கு அமெரிக்க அப்ஸ்ட்ராக்ட் ஓவியர் ஹெலன் ஃபிராங்கென்தாலர்தான் கைகொடுத்தாங்க. 1952ல நோவா ஸ்கோஷியா போயிட்டு நியூயார்க் திரும்பி, ஆயில் பெயின்ட தண்ணி மாதிரி கரைச்சு ஜெஸ்ஸோ அடிக்காத கேன்வாஸ்ல ஊத்தி "மவுண்டன்ஸ் அண்ட் சீ" வரைஞ்சப்போ அவங்களுக்கு 23 வயசு. நான் அக்ரிலிக்ல தண்ணி கலந்து அதே மாதிரி வெறும் துணியில ஊத்துனேன், வானமும் தண்ணியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஊறிடுச்சு, கோடு எங்கன்னே சொல்ல முடியல. உப்பு அம்பாரத்துக்கு டைட்டானியம் வெள்ளைய மட்டும் வச்சா சுவத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி செத்துப்போய் நிக்குது, உத்து பார்த்தா நிழல் பக்கம் ஒரு சாம்பல் நீலம் இருக்கும். அல்ட்ராமரீன்ல பர்ன்ட் சியன்னா கலந்தா அந்த சாம்பல் கிடைக்கும், சியன்னாவும் இரும்பு மண்தான், ஆக உப்போட நிழல்லயும் தேரி கொஞ்சம் இருக்கு. இத நான் பிளான் பண்ணல, கலக்கும்போது தானா வந்துச்சு.

மூணாவது ஆத்தூர். இன்னும் முடியல. தாலோ க்ரீன்னு ஒரு அடர் பச்சை, ஒரு சொட்டு விழுந்தாலே எல்லாத்தையும் முழுங்கிடுது, வெத்தலை பச்சை அப்படி இல்ல, வெயில் பின்னாடி இருந்து பட்டா மஞ்சளாவே தெரியும். அங்க அடிவானத்தையும் வாழை மறைச்சுடுது, வானம் இலை சந்துல துண்டு துண்டாதான் வருது. இப்போதைக்கு கேன்வாஸ் முழுக்க மஞ்சள் மட்டும் அடிச்சு சாய்ச்சு வச்சிருக்கேன், அதுக்கு மேல பச்சைய தண்ணியா கரைச்சு ரொம்ப லேசா, வாஷ் மேல வாஷா கொண்டு போகலாம்னு இருக்கேன். ஐப்பசியில மழை விழுந்து உப்பு வாருறது நின்னதுக்கப்புறம் அத்தை வீட்டுக்கு போகணும், அம்பாரத்த ஓலை போட்டு மூடி வச்சிருப்பாங்க, வெள்ளையே இல்லாத உப்பளத்த நான் இதுவரைக்கும் நின்னு பார்த்ததில்ல.