கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

திருகோணமலைப் பட்டினத்துக்கு இரண்டு கரை. ஒரு பக்கம் உட்துறைமுகம், குளம் மாதிரிக் கிடக்கும் தண்ணீர். மறுபக்கம் டச்பேயும், அதற்கு வடக்கே உப்புவெளி வரைக்கும் நீளும் திறந்த கடலும். நடுவில் இருக்கும் நிலம் ஒடுக்கம். இப்படி ஓர் ஊருக்குக் கரையோர அபிவிருத்தி என்று வரைபடம் கீறுவது சுகம். நடைபாதை, வாங்கு, மின்கம்பம், தின்பண்டக் கடை, வாகனத் தரிப்பிடம் எல்லாம் அதில் வந்துவிடும். பஸ்தான் வராது.

அந்த வரைபடத்தை யார் கொண்டுவந்து காட்டினாலும் முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இரவு எட்டு மணிக்கு அந்த வாங்கிலிருந்து எழும்பும் கிண்ணியாக்காரர் எதில் வீட்டுக்குப் போவார்? நிலாவெளி, தம்பலகாமம், மூதூர் ஆட்களுக்கும் அதே கேள்விதான். பொழுதுபட்டால் ஊர்ப்பக்கம் போகும் பஸ் அருகிவிடும். அதற்குப் பிறகு கடற்கரை மோட்டார் சைக்கிள் உள்ளவருக்கும், ஓட்டோவுக்குக் காசு உள்ளவருக்கும் மட்டும்தான்.

வாகனத் தரிப்பிடம் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு கார் நிற்க 2.5 மீற்றர் அகலமும் 5 மீற்றர் நீளமும் வேண்டும். உள்ளே வந்து திரும்பிப் போகும் வழியையும் சேர்த்தால் ஏறத்தாழ 25 சதுர மீற்றர், அதாவது ஒரு பேர்ச். நூறு காருக்கு நூறு பேர்ச், அரை ஏக்கருக்கு மேல். அதில் வந்திறங்குவது முந்நூறு நானூறு பேர். அதே கூட்டத்தை ஏழெட்டு பஸ் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடும், நிற்க ஒரு காணியும் கேட்காது. கடலோரக் காணியின் விலை தெரிந்தவர்கள் அதில் கார் நிறுத்தச் சொல்வது விளங்காத சங்கதி.

பஸ் நிலையமே கடலுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது, கோட்டை வாசலுக்கும் மக்கெய்சர் மைதானத்துக்கும் கிட்ட. மான்கள் வந்து பயணிகளோடு பயணிகளாக நிற்கும் பஸ் நிலையம் நாட்டில் வேறெங்கும் இருக்குமோ தெரியாது. (அவை பொலித்தீனோடு சாப்பாட்டுப் பார்சலைத் தின்பது வேறு கவலை. மூடியுள்ள குப்பைத் தொட்டி வைத்தாலே பாதி தீரும்.) கரையோரத் திட்டம் என்றால் பெரும்பாலான ஊர்களில் முதலில் வரும் யோசனை, பஸ் நிலையத்தை ஊருக்கு வெளியே தள்ளிவிட்டுக் காணியை எடுப்பது. இங்கே அதைச் செய்யவே கூடாது. சந்தை, வங்கி, பாடசாலை, கச்சேரி என்று வருகிறவர் இரண்டு கிலோமீற்றர் வெளியே இறங்கினால், பஸ் கட்டணத்தைவிட ஓட்டோக் கூலி கூடிவிடும்.

தள்ளத் தேவையில்லை, சுருக்கலாம். பஸ் நிலையத்தில் இடத்தைத் தின்பது பயணிகளை ஏற்றும் பஸ் அல்ல, சும்மா நிற்கும் பஸ். மணிக்கு 30 பஸ் புறப்படுகிறது, ஒவ்வொன்றும் 20 நிமிடம் நிற்கிறது என்று வைத்தால், 30 × 20 ÷ 60 = 10 தரிப்பு வேண்டும். நிற்பதை 6 நிமிடமாக்கினால் 3 போதும். பிந்தி வருவதற்கு இரண்டைக் கூட்டினால் 5. திரும்பும் இடத்தையும் சேர்த்து ஒரு பஸ்ஸுக்கு ஆறு பேர்ச்சுக்குக் குறையாது, ஆகவே குறையும் ஐந்து தரிப்பில் மிச்சம் முப்பது பேர்ச். கொழும்பு போன்ற தூரப் பயணத்து பஸ்கள் இரவுப் பயணத்துக்குப் பகல் முழுக்க அங்கே காத்துக் கிடக்கத் தேவையில்லை. அவை டிப்போவிலோ ஊர் விளிம்பிலோ நின்று, புறப்படச் சற்று முன் வந்தால் போதும். சாரதிகளுக்கு அங்கே மலசலகூடமும் படுக்க ஓர் இடமும் கட்டாயம். அது இல்லாவிட்டால் எந்தச் சட்டம் போட்டாலும் பஸ்கள் திரும்ப நிலையத்துக்கே வந்து நிற்கும்.

அடுத்த குறை, பஸ் இருந்தும் இல்லாத மாதிரி இருப்பது. மணிக்கு மூன்று பஸ் என்று நேர அட்டவணை சொல்லும். சீராக 20 நிமிடத்துக்கு ஒன்று வந்தால், நேரம் பாராமல் வருகிறவர் சராசரி 10 நிமிடம் நிற்பார். அதே மூன்று பஸ்ஸும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு 5 நிமிட இடைவெளியில் வந்து, பிறகு 50 நிமிடம் ஒன்றுமே இல்லாமல் போனால்? சராசரிக் காத்திருப்பு 21 நிமிடம். பஸ் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, காத்திருப்பு மட்டும் இரண்டு மடங்கு. அந்த 50 நிமிட இடைவெளியில் வந்து மாட்டுகிறவர்களே கூட என்பதால்தான் இந்தக் கணக்கு இப்படி வருகிறது. "பஸ் போடுங்கோ" என்று மனுக் கொடுப்பதற்கு முதல், இருக்கிற பஸ்ஸைச் சீராக ஓட விடுங்கள் என்று கேட்பது செலவு குறைந்த வழி.

சீராக ஓடாததற்குச் சாரதியைத் திட்டிப் பயனில்லை. தனியார் பஸ்ஸில் அன்றைய வரும்படியில்தான் டீசல், முதலாளியின் பங்கு, சாரதி, கொண்டக்டர் கூலி எல்லாம். ஆள் நிரம்பாமல் வெளிக்கிட்டால் நட்டம், முன்னால் போகிற பஸ்ஸை முந்தினால் லாபம். அதனால் நிலையத்தில் உருட்டி உருட்டி நிற்பார்கள், வீதியில் பறப்பார்கள். இரவு எட்டு மணிக்குப் பத்துப் பேரோடு போவதற்கு அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. இதற்குத் தெரிந்த மருந்து, கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துச் சேவையை வாங்குவது: கட்டணம் போக்குவரத்து அதிகாரசபைக்கு, ஓடிய தூரத்துக்குக் காசு முதலாளிக்கு, தவறிய பயணத்துக்குக் கழிவு. இந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் காசு வரும் என்றானதும் தரிப்பில் நிறுத்தாமல் போகும் பழக்கம் தொடங்கும், ரிக்கற் கொடுக்கும் அக்கறையும் போகும். ஆகவே பெரும்பங்கைத் தூரத்துக்கும், ஒரு சிறு பங்கை ஏறிய ஆளின் எண்ணிக்கைக்கும் கட்ட வேண்டும். ஜிபிஎஸ்ஸும் ரிக்கற் மெசினும் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது.

யாரிடம் கேட்பது என்பதும் ஒரு சிக்கல். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை. மாகாணம் தாண்டினால் 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. சிவப்பு பஸ் என்றால் இ.போ.ச., அதாவது அரசின் இலங்கை போக்குவரத்துச் சபை. நிலாவெளி வீதியில் ஓடும் பஸ்ஸும் கொழும்புக்குப் போகும் பஸ்ஸும் ஒரே தரிப்பில் நின்றாலும் கேள்விக்குப் பதில் சொல்வது வேறு வேறு கந்தோர். மனுவை மூன்றுக்கும் பிரதி போட்டு அனுப்புங்கள்.

பட்டினத்துக்குள் சுற்றி ஓடும் ஒரு சின்ன பஸ், 25 இருக்கை ரோசாவோ கோஸ்டரோ போதும், பல ஓட்டைகளை அடைக்கும். புகையிரத நிலையம், பஸ் நிலையம், கோட்டை வாசல், உட்துறைமுக வீதி, ஆஸ்பத்திரி, மறுபடி புகையிரத நிலையம். சுற்று 7 கிலோமீற்றர் என்று வைத்தால், மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் 28 நிமிடம். பிந்தியதை ஈடுகட்ட 4 நிமிடம் சேர்த்தால் 32. இரண்டு பஸ் விட்டால் 16 நிமிடத்துக்கு ஒன்று. கல்லோயாச் சந்தியிலிருந்து 1927இல் வந்து சேர்ந்த பாதையில் கொழும்பு இரவு ரயில் விடியப்புறம் வந்து நிற்கும். முதல் பஸ் அந்த ரயிலுக்காகக் காத்திருக்க வேண்டும், மணிக்கூட்டுக்காக அல்ல.

தரிப்பிடக் கூரை பற்றி ஒரு சொல். இங்கே மழை மார்கழியில் வாடையோடு வடகிழக்கிலிருந்து சாய்வாக அடிக்கும். ஆனி ஆடியில் கச்சான் எதிர்ப்பக்கத்திலிருந்து அனலோடு வீசும். ஆகவே வடகிழக்குப் பக்கம் சுவர், அடியில் அரையடி காற்றிடைவெளி, மற்றப் பக்கங்கள் திறப்பு, முன்கூரை ஒரு மீற்றராவது வெளியே நீண்டிருக்க வேண்டும். கண்ணாடிச் சுவர் வைத்த தரிப்பிடம் படத்தில் அழகு, பகல் பன்னிரண்டுக்கு அது போறணை. நிலத்திலிருந்து பஸ்ஸின் முதல் படி ஒன்றரை அடி அளவு உயரம். தரிப்பிட மேடையை 20 சென்ரிமீற்றர் உயர்த்தினால் வயதானவரின் முழங்கால் பிழைக்கும்.

இனித் தண்ணீர்ப் பாதை. மூதூருக்கு இறங்குதுறையிலிருந்து நேர்கோட்டில் 12, 13 கிலோமீற்றர். வீதியால் முப்பதுக்கு மேல். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்ரோபரில் திறந்தது, பிறகு மற்றப் பாலங்களும் வந்தன, சனம் லோஞ்சை (பயணிகள் படகை) விட்டு பஸ்ஸுக்கு மாறிவிட்டது. அது நியாயம். லோஞ்சை மறுபடி விடலாம் என்பவர்கள் காலத்தைக் கவனிக்க வேண்டும். கொட்டியாரக் குடாவின் வாய் வடகிழக்குப் பார்த்தது. வாடை காலத்தில் அலை நேரே உள்ளே வரும், மகாவலி வெள்ளத்தோடு மரக்குற்றிகளும் மிதந்து வரும். ஆகவே மூதூர்ச் சேவையை ஆண்டு முழுக்க என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. சீனக்குடாவுக்கும் பட்டினத்துக்கும் இடையிலான உட்துறைமுகப் பாதை மட்டும் எந்த மாதமும் ஓடக்கூடியது. நமது கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, எனவே விலை கூடிய மிதக்கும் மேடை தேவையில்லை. இரண்டு மட்டத்தில் படி வைத்த கொங்கிறீற் இறங்குதுறை, றப்பர் தாங்கி, இரு பக்கமும் கைபிடியுள்ள 1.2 மீற்றர் அகலப் பலகை போதும். வள்ளத்தின் கொள்ளளவுக்கு ஒன்றுக்கு ஒன்று உயிர்காப்பு அங்கி, அதில் பிள்ளைகளின் அளவு தனியாக.

இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப்படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் செத்தார்கள். புதுப்பாலம் கட்டும் வேலைக்காக வழி அடைபட்டிருந்தது, மாற்று வழியாக அந்தப் படகு ஓடியது. எந்த வீதியை, எந்தக் கரையை மூடி வேலை செய்தாலும், வேலை முடியும்வரை சனம் எப்படிப் போகும் என்பது ஒப்பந்தத்திலேயே தனி இலக்கமாக, தனித் தொகையாக இருக்க வேண்டும்.

கரையில் கட்டுவதில் பிழைப்பது பெரும்பாலும் உப்பால். கம்பிக்கு மேல் கொங்கிறீற் மூடு 50 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் சில வருடத்தில் கம்பி துருவேறி வீங்கி, கொங்கிறீற் பொருக்காக விழும். கடல் மணலையோ கடல் தண்ணீரையோ கலவைக்கு எடுத்தால் இன்னும் கெதியாக விழும். கைபிடிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று மட்டும் எழுதினால் 304 என்ற சாதாரண தரம் வந்து இறங்கும், ஓராண்டில் மண்ணிறப் புள்ளி விழும். 316 என்று எழுத வேண்டும். வந்த சாமானைக் காந்தத்தால் சோதிப்பது வீண், இரண்டிலும் சரியாக ஒட்டாது. இரண்டில் 316இல் மட்டும் சேர்க்கும் மொலிப்டினம் இருக்கிறதா என்று பார்க்கும் சொட்டுச் சோதனை இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

வடிகால்தான் எல்லோரும் மறப்பது. பட்டினத்து மழைத்தண்ணீர் முழுக்கக் கடலுக்குத்தான் போக வேண்டும். திறந்த கடல் பக்கத்தில் அமைதியான மாதங்களில் அலை மணலைக் கொண்டுவந்து வடிகால் வாயை மூடிவிடும். ஒக்ரோபரில் முதல் மழை கொட்டும்போது தண்ணீர் வீதிக்குத் திரும்பும். செப்ரெம்பரில் வாயை வெட்டி விடுவதற்கு ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குங்கள். உட்துறைமுகப் பக்கத்தில் மடல்கதவு (தண்ணீரை வெளியே மட்டும் விடும் கதவு) போடலாம், ஆனால் முன்னால் கம்பித் தட்டி வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சோடாப் போத்தல் போதும், கதவு பாதி திறந்தபடியே நின்றுவிடும். அழகான இன்ரலொக் கல்லை வடிகாலுக்கு மேல் பரப்பி, திறக்க மூடி வைக்காமல் விட்டால், முதல் அடைப்புக்கே கல்லைப் பெயர்க்க வேண்டி வரும்.

கரைவலைக்காரரிடம் கேட்காமல் வாங்கு போடக் கூடாது. கரைவலைப் பாடு, அதாவது வலை இழுக்கும் கரைத்துண்டு, வெறும் மணல் அல்ல, உரிமை. வலையின் இரண்டு முனைக் கயிறும் கரைக்கு ஏறும், இழுக்கிறவர்கள் பின்னோக்கி நடந்துகொண்டே போவார்கள். அவர்கள் நடக்கும் இடத்தில் மின்கம்பமோ பூத்தொட்டியோ வந்தால் பாடு போய்விட்டது. நடைபாதையை மேட்டுப் பக்கம் தள்ளி, பாட்டின் முகப்பில் கழற்றக்கூடிய தூண் வைத்தால் இரண்டும் நடக்கும். நிழலுக்குப் பூவரசு நடுங்கள், உப்புக் காற்றைத் தாங்கும்.

அனுமதிக் கோப்பு தடித்தது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தில் கரையோர வலயம் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர். ஒடுங்கிய இந்தப் பட்டினத்தில் அது எவ்வளவு இடத்தைப் பிடிக்கும் என்று வரைபடத்தில் ஒருமுறை கீறிப் பாருங்கள். அதற்கு மேல் நகர அபிவிருத்தி அதிகாரசபை, துறைமுக அதிகாரசபை, நகராட்சி, கோட்டைப் பக்கம் என்றால் தொல்பொருள் திணைக்களம். 2004 சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்குக்கு 200 மீற்றர், தெற்கு மேற்குக்கு 100 மீற்றர் என்று தடை போட்டுப் பிறகு தளர்த்திய கதையும் இங்கு யாருக்கும் மறக்கவில்லை.

கொங்கிறீற் ஊற்றுவதற்கு முதல் மூன்று மாதம் சோதித்துப் பார்க்கலாம். வெள்ளி, சனி, ஞாயிறு, போயா மாலைகளில் உட்துறைமுக வீதியின் ஒரு துண்டை வண்ணக்கோடும் நகர்த்தக்கூடிய தடுப்பும் வைத்து நடப்பவருக்கு விடுங்கள். அதே நாட்களில் கிண்ணியா, நிலாவெளி, தம்பலகாமம் பக்கம் இரவு எட்டரைக்கு ஒரு பஸ், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்த எட்டரை பஸ் ஒரு நாள் தவறினால், அதை நம்பி வந்தவர் அடுத்த வாரம் வரமாட்டார், கணக்கும் கெட்டுவிடும். கணக்கெடுக்க மூன்று இடத்தில் ஆள் நிற்க வேண்டும், 15 நிமிடத்துக்கு ஒரு வரி: நடந்து வந்தவர், பஸ்ஸில், ஓட்டோவில், மோட்டார் சைக்கிளில், காரில். பெண்களைத் தனிக்கோட்டில் எண்ணுங்கள். ஏழு மணிக்குப் பிறகு அந்தக் கோடு எப்படி மெலிகிறது என்பதைப் பார்த்துத்தான் மின்கம்பம் எங்கே, தரிப்பிடம் எங்கே என்று முடிவெடுக்க வேண்டும். எண்ணும் நாட்களில் ஒன்றாவது மழை நாளாக இருக்கட்டும்.