கப்சாய்க்கு நானே செய்த கேட்ச் கேன்

சிப்பாங் பந்தயத் தடத்தில் மூன்றாவது முறை ஓட்டி முடித்துப் பிட் பகுதிக்குத் திரும்பியதும், எனக்குப் பின்னால் ஓட்டி வந்த நண்பர் தம் தலைக்கவசத்தின் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். ஊசிமுனை அளவில் ஆயில் துளிகள் அதில் படிந்திருந்தன. அவை என் 150 சிசி கப்சாயிலிருந்து (மலேசியாவில் சிறிய மோட்டார் சைக்கிளை அப்படித்தான் அழைப்போம்) தெறித்தவை. ஆயில் தடத்தில் சிந்தக் கூடாது என்பதற்காகவே நான் செய்து மாட்டிய கேட்ச் கேன், அதாவது எஞ்சினிலிருந்து வரும் ஆயில் ஆவியைப் பிடித்து வைக்கும் கலம், வண்டியில் இருந்தும் அப்படி நடந்தது என்னை மிகவும் பாதித்தது. அவருடைய முன்சக்கரம் அந்த ஆயிலின் மீது ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் கோலாலம்பூர் வந்து சேரும்வரை என்னை விடவில்லை.

எஞ்சின் ஓடும்போது, எரிந்த வாயுவில் ஒரு பகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, எஞ்சினின் அடிப்பகுதிக் கூடான கிராங்கேஸுக்குள் இறங்கிவிடும். அது போதாதென்று, ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் கிராங்கேஸில் இருக்கும் காற்றை 150 சிசி அளவுக்கு நெருக்கித் தள்ளுகிறது. மேலே ஏறும்போது அதே அளவைத் திரும்ப இழுக்கிறது. நிமிடத்துக்கு 9,000 சுற்று என்றால், இது விநாடிக்கு 150 முறை நடக்கிறது. 180 பாகை கிராங்க் கொண்ட இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் ஒன்று இறங்கும்போது மற்றது ஏறுவதால் இந்த வீச்சு பெருமளவு தணிந்துவிடும். நம் கப்சாய்க்கு அந்த வசதி இல்லை. 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள சிப்பாங் தடத்தில் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளிலும் திராட்டலை முழுமையாகத் திறந்தே ஓட்டுவதால், கிராங்கேஸ் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியாக ஆயில் ஆவி இடைவிடாமல் வந்துகொண்டிருக்கும்.

என் தவறு கேனில் இல்லை, குழாயில் இருந்தது. உள்ளே ஆயில் ஓடுவதைப் பார்க்கலாம் என்ற ஆசையில், மீன்தொட்டிக்குப் போடும் தெளிவான பிளாஸ்டிக் குழாயை வாங்கி மாட்டியிருந்தேன். எஞ்சின் சூட்டில் அது இளகி, இருக்கைக்கு அடியில் வளையும் இடத்தில் அப்பளம் போலத் தட்டையாகிவிட்டது. மூச்சு அடைபட்ட எஞ்சின் வேறு வழி தேடி, சங்கிலியைச் சுழற்றும் பற்சக்கரமான முன் ஸ்புராக்கெட்டின் தண்டிலுள்ள ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு கசிந்தது. அந்த ஆயிலைச் சங்கிலி வாரிப் பின்னால் இறைத்தது. அடைபட்ட கேட்ச் கேனை விட, கேட்ச் கேனே இல்லாத வண்டி எவ்வளவோ மேல் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. ஒற்றைச் சுவர் கொண்ட அரை லிட்டர் எவர்சில்வர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு, செந்தூலில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் இரண்டு குழாய் முனைகளை வெல்டிங் செய்து தரச் சொன்னேன். அவர் போத்தலை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, “தகடு ரொம்ப மெல்லிசு தம்பி, வெல்டு வெச்சா ஓட்டைதான் விழும். துளை போட்டு நட்டு வெச்சு இறுக்கு” என்றார். அதன்படியே செய்தேன். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ரப்பர் வாஷர் ஆயிலில் ஊறி உப்பிவிடும் என்பதால் செம்பு வாஷரைப் பயன்படுத்தினேன்.

உள்ளே வரும் முனையிலிருந்து ஒரு சிறு குழாயைப் போத்தலின் நடுப்பகுதி வரை இறக்கினேன். வெளியேறும் முனை மேலேயே இருக்கிறது. இரண்டுக்கும் இடையில், பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார் ஒன்றைத் தளர்வாக வைத்து, அது நழுவாதபடி மேலும் கீழும் கம்பி வலையால் தாங்கினேன். ஆவி அந்த நாரின் இழைகளில் மோதும்போது ஆயில் துளிகளாகத் திரண்டு அடியில் சொட்டுகிறது. சாதாரண இரும்புப் பஞ்சை ஒருபோதும் வைக்கக் கூடாது; அது துருப்பிடித்து உதிரும், உதிர்ந்த துகள் எஞ்சினுக்குள் போய்விடும்.

குழாய் இம்முறை ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர். உள்விட்டம் வண்டியின் பிரீதர் முனைக்குச் சமமானது. எஞ்சினிலிருந்து கேன் வரை அது எங்கும் தொய்யாமல் ஏறிக்கொண்டே போகும்படி கட்டியிருக்கிறேன், ஏனென்றால் தொய்வு இருக்கும் இடத்தில் நீரும் ஆயிலும் தேங்கி வழியை அடைத்துவிடும். கேனின் மறுமுனையைத் திறந்து விடாமல், பழையபடி, எஞ்சினுக்குக் காற்று போகும் பெட்டியான ஏர்பாக்ஸுடனேயே இணைத்தேன். பன்னாட்டுப் பந்தய விதிகளும் நான்கு வீச்சு எஞ்சினின் பிரீதர் ஏர்பாக்ஸுக்குள்தான் போக வேண்டும் என்கின்றன. பெரிய பந்தய வண்டிகளில் எஞ்சினுக்கு அடியிலுள்ள உறையான கீழ் ஃபேரிங்காவது சிந்தும் ஆயிலை ஏந்திக்கொள்ளும். கப்சாயில் அதுவும் கிடையாது. ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வில் தகடு வெடிக்காதிருக்க ரப்பர் பட்டை வைத்துக் கேனைப் பிடித்து, மூடிக்கும் அடியிலுள்ள வடிகால் திருகுக்கும், அவை கழன்றுவிடாதபடி லாக்வயர் என்ற கம்பியைக் கட்டினேன். ஆயில் சீலைப் புதிதாக மாற்றியபோதே, ஆயில் அளவையும் மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொண்டேன்.

சென்ற வாரம் மீண்டும் சிப்பாங் போய், இருபது நிமிடம் வீதம் நான்கு முறை ஓட்டினேன். மாலையில் வடிகாலைத் திறந்து காலி மைலோ டின்னில் பிடித்தபோது, மூன்று தேக்கரண்டி அளவுக்கு, பால் கலந்த காப்பி நிறத்தில் ஒரு திரவம் இறங்கியது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி குளிர்ந்து ஆயிலோடு கலந்தால் அந்த நிறம்தான் வரும். ஸ்புராக்கெட் மூடியைக் கழற்றி வெள்ளைத் துணியால் துடைத்தேன். சங்கிலி மசகைத் தவிர வேறொன்றும் ஒட்டவில்லை. நண்பர் அன்றும் எனக்குப் பின்னால்தான் ஓட்டினார். அவருடைய கண்ணாடியில் பூச்சிகள் மட்டுமே இருந்தன.